எடுபிடி என்று ஒரு பதவி இல்லை

படிவத்தின் ஏழாவது கட்டம்தான் ரஸாக்கைக் கெடுத்தது. முதல் ஆறையும் அவர் பிழையில்லாமல் நிரப்பியிருந்தார். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, மதம், மணமானவரா இல்லையா. ஏழாவதில் 'தற்போது வகிக்கும் பதவி' என்று இருந்தது. ரஸாக் பேனையைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தனக்குத் தெரிந்த உண்மையை எழுதினார்.

எடுபிடி.

பகிடிக்கு எழுதவில்லை. முந்தலில் இருக்கிற களப்புக் கரையோர மேம்பாட்டுச் சபைக் கந்தோரில் பதினேழு வருஷமாக அவரை அப்படித்தான் சொன்னார்கள். டெலிபோனில், "நம்மட எடுபிடி வருவான், அவன்ட கையில குடுத்து விடுங்க" என்பார்கள். புதிதாக மாறி வருகிற உத்தியோகத்தருக்கு, "இவர்தான் எடுபிடி, என்ன வேணுமெண்டாலும் சொல்லுங்க" என்று அறிமுகம் செய்வார்கள். ஒரு தடவை வருஷக் கடைசி விருந்தில் பணிப்பாளரே மைக்கைப் பிடித்து, "எங்கள் எடுபிடி இல்லாவிட்டால் இந்தக் காரியாலயமே இல்லை" என்று பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். ரஸாக் அப்போது சோடாப் போத்தல் உடைத்துக்கொண்டிருந்ததால் கை தட்டவில்லை.

பியோன் பதவி ஒன்றும் கந்தோரில் இருந்தது. அதில் பாயிஸ் இருந்தார். பாயிஸுக்கு நியமனக் கடிதம், லீவு, கதிரை எல்லாம் உண்டு. ஒரு கடிதத்தைக் கொண்டுபோகச் சொன்னால் பாயிஸ் எழும்பி வந்து அதை வாங்கி, ரஸாக்கிடம் கொடுப்பார். பாயிஸின் வேலை அதுதான். அதையும் அவர் ஒழுங்காகச் செய்தார்.

யுத்தம் முடிந்து நாலாவது வருஷம், எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தப் போகிறோம் என்று சபையின் தலைமைக் காரியாலயம் புத்தளத்திலிருந்து சுற்றுநிருபம் அனுப்பியது. நியமனக் கடிதம் இல்லாமல் வேலை செய்கிற, நாற்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட ஆட்களை நிரந்தரமாக்குவார்களாம். ஒக்டோபர் முப்பத்தோராம் திகதியோடு பட்டியல் மூடப்படுமாம்.

ரஸாக்குக்கு நவம்பர் முதலாம் திகதி நாற்பத்தைந்து முடிகிறது; பட்டியலை ஒரு நாள் பிற்போட்டாலும் அவருக்கு இடமில்லை. அவருடைய பிறப்புச் சாட்சிப் பத்திரம் தொண்ணூறில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டபோது மன்னாரில் விட்டுவந்த அலுமாரிக்குள் போய்விட்டது. புத்தளத்துக்கு வந்த பிறகு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று எடுத்துக் கொடுத்தார்கள். அதை எழுதிய உத்தியோகத்தர் ரஸாக்கின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு நவம்பர் ஒன்று என்று போட்டார். அன்றைக்கு அவருக்கு டிசம்பர் என்று தோன்றியிருந்தால், ரஸாக் இந்தக் கதையில் இவ்வளவு அவசரப்பட்டிருக்க மாட்டார்.

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மனைவி கமறியா கேட்டாள்.

"நிரந்தரம் எண்டா பென்சன் வருமா?"

"வரும்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"நான் மவுத்தாகும் வரைக்கும். அதுக்குப் பிறகு உனக்கு."

கமறியா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப பிழையில்லாம நிரப்புங்க," என்றாள்.

அதனால்தான் ரஸாக் பிழையில்லாமல் நிரப்பினார்.

பிரதம இலிகிதர் இன்னாசிப்பிள்ளை படிவத்தை மூக்குக்கண்ணாடி போட்டும் கழற்றியும் பார்த்தார்.

"என்ன காணும் இது எழுதியிருக்கிறீர்?"

"பதவி ஐயா."

"இது பதவியோ?"

"நீங்க எல்லாரும் அப்படித்தானே சொல்லுறீங்க."

"சொல்லுறது வேற, எழுதுறது வேற. சொல்லுறதெல்லாத்தையும் எழுத வெளிக்கிட்டா கந்தோர் நடக்குமோ?"

"அப்ப வெட்டிப்போட்டு வேற ஒண்டு எழுதவா ஐயா?"

இன்னாசிப்பிள்ளை படிவத்தைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வெட்டின படிவம் செல்லாது. இலக்கம் அடிச்சு ஆளுக்கொண்டுதான் வந்தது."

"புதுசா ஒண்டு கேக்க ஏலாதா?"

"கேக்கலாம். அதுக்கும் ஒரு படிவம் இருக்கு."

"அதைத் தாங்க."

"அதிலயும் பதவி கேட்டிருக்கு," என்றார் இன்னாசிப்பிள்ளை. அவர் குரலில் உண்மையான கவலை இருந்தது.

விஷயம் பணிப்பாளர் பாறூக் சேரிடம் போனது. பாறூக் சேர் ஏதாவது ஒரு பிரச்சினையைத் தீர்த்தார் என்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் ஒரு பிரச்சினைக்காவது குழு போடாமல் விட்டார் என்றும் சொல்லமுடியாது. அன்று பின்னேரமே குழு போட்டார். 'எடுபிடி என்னும் சொல்லின் பொருளையும் பயன்பாட்டையும் ஆராய்வதற்கான மூவர் குழு' என்று அதற்குப் பெயர். தலைவர் அவர். செயலாளர் இன்னாசிப்பிள்ளை. உறுப்பினர் திட்ட உத்தியோகத்தர் பவுலினா மிஸ். பள்ளிக்கூடத்தில் தமிழுக்குப் பரிசு வாங்கினவர் என்பதால் அவரைச் சேர்த்தார்கள்.

முதல் அமர்வுக்கு ரஸாக் மேசை துடைத்தார், கதிரை போட்டார், சந்திக் கடையில் ரோல்ஸும் பிளேன்டியும் வாங்கி வந்தார். எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் அகராதி இல்லை என்று தெரிந்தது. கற்பிட்டியில் ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவரிடம் பெரிய அகராதி இருக்கிறது என்று பவுலினா மிஸ் சொன்னார். ரஸாக் பஸ் ஏறி, பாலாவிச் சந்தியில் இறங்கி மாறி, கற்பிட்டிக்குப் போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்து சேரப் பள்ளியில் பின்னேரத்து அசர் பாங்கு சொல்லிவிட்டது. அவர் வரும்வரை குழு ஒத்திவைக்கப்பட்டிருந்தது. ரோல்ஸ் ஒத்திவைக்கப்படவில்லை.

பவுலினா மிஸ் பக்கத்தைத் தேடி வாசித்தார். "ஏவிய சில்லறை வேலைகளைச் செய்பவன்."

பாறூக் சேர் நிமிர்ந்தார். "ஏவினது ஆர்?"

பவுலினா மிஸ் அகராதியை மறுபடி பார்த்தார்.

"நான் ஒருத்தரையும் ஏவுறதில்ல. கேட்டுக்கொள்ளுறதுதான். இன்னாசிப்பிள்ளை, நீங்க ஏவியிருக்கீங்களா?"

"நான் சொல்லுறதோட சரி சேர்."

"எங்கட பக்கம் கலியாண வீட்டுல 'எடுபிடிக்கு நாலு பேர் வேணும்' எண்டு சொல்றது," என்றார் பவுலினா மிஸ். "அது மரியாதையான வேலை. ஆனா ஒருத்தரப் பாத்து 'அவன் அந்த ஆளுட எடுபிடி' எண்டா அது ஏச்சு. சிங்களத்துல கோலயா எண்டு சொல்ற மாதிரி."

"அப்ப இவர் எது?" என்று பாறூக் சேர் கேட்டார். மூன்று பேரும் கதவடியில் தட்டோடு நின்ற ரஸாக்கைப் பார்த்தார்கள். இது கலியாண வீடு இல்லை என்பதில் குழு ஒருமனதாக இருந்தது.

அடுத்த அமர்வில் ரஸாக்கை, ஒரு நாளில் தான் செய்கிற வேலைகளைச் சொல்லச் சொன்னார்கள். ரஸாக் மனப்பாடமாகச் சொன்னார்.

"காலையில கந்தோரத் திறப்பன். வரவுப் புத்தகத்தில கையெழுத்து வைக்க உங்கட ஊட்டுக்குக் கொண்டு வருவன் சேர்."

"அது..." என்று பாறூக் சேர் தொண்டையைச் செருமினார். "அது உதவி. எழுதாதீங்க."

"பவுலினா மிஸ்ஸுட மகளை டியூசனால கூட்டி வருவன்."

"அது பாசத்துல செய்யிறது," என்றார் பவுலினா மிஸ். "பிள்ளைக்கும் ரஸாக் நானா எண்டா உயிர்."

"இன்னாசிப்பிள்ளை ஐயாட கரண்ட் பில் கட்டுவன். தண்ணி பில்லும்."

"அது போற வழியில."

"எங்க போற வழியில ஐயா?"

"பில் கட்டப் போற வழியில," என்றார் இன்னாசிப்பிள்ளை.

கடைசியில் குழு கண்டுபிடித்தது இதுதான்: ரஸாக் செய்வதில் பாதி உதவி, கால்வாசி பாசம், மிச்சம் போகிற வழியில் நடப்பது. பாறூக் சேர் பேனையை மூடினார். "உதவிக்குப் பதவி கிடையாது ரஸாக். அப்படிக் குடுக்க வெளிக்கிட்டா உலகத்தில உதவி செய்ய ஆள் மிஞ்சாது." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் தன் வசனத்தை ரசித்தார். "நான் அநியாயம் செய்யமாட்டன். நேரில அவதானிப்பம். ஒரு நாள் முழுக்க."

அவதானிப்பு நாள் ஒக்டோபர் பதினாறு. பவுலினா மிஸ் கையில் ஒரு கொப்பியோடு ரஸாக்கின் பின்னால் நின்றார். அன்றைக்கென்று யாருமே ரஸாக்கிடம் ஒரு வேலையும் சொல்லவில்லை. சொன்னால் தாங்கள் ஏவியதாகக் கொப்பியில் ஏறிவிடும் என்ற பயம். வரவுப் புத்தகம் வீட்டுக்கு வராததால் பாறூக் சேருக்கு நாள் தொடங்கவில்லை, கந்தோருக்கும் அவர் வரவில்லை. இன்னாசிப்பிள்ளை பத்து மணியிலிருந்து தேத்தண்ணி இல்லாமல் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்த கடிதங்கள் உள்ளேயே கிடந்தன. வெளியே போகவேண்டியவையும் உள்ளேயே கிடந்தன. பாயிஸ் ஒரு கோவையைக் கையில் வாங்கிக்கொண்டு ரஸாக்குக்கு முன்னால் வந்து நின்று, கொப்பியைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய் அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"நானா, எவ்வளவு நேரத்துக்கு இது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நாலரை வரைக்கும்."

"யா அல்லாஹ்," என்றார் பாயிஸ்.

பவுலினா மிஸ்ஸின் அறிக்கை ஒரே வரிதான். 'மேற்படி நபர் காலை எட்டரை முதல் பிற்பகல் நாலரை வரை எந்த வேலையும் செய்யவில்லை.' மறுநாள் காலை அந்த அறிக்கையை ஐந்து பிரதி எடுக்கவேண்டியிருந்தது. ரஸாக் சந்திக்குப் போய் ஐந்து போட்டோகொப்பி எடுத்து, பின் குத்தி, மூன்றைக் குழுவுக்கும் ஒன்றைக் கோவைக்கும் கொடுத்தார். ஐந்தாவது மேற்படி நபருக்கு. அதையும் அவரே தனக்குக் கொடுத்து, கிடைத்ததாகக் கையெழுத்து வைத்தார்.

அன்று பின்னேரம் ரஸாக்குக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. ஆனால் அவருக்குக் கோபம் வந்தாலும் கால்தான் நடக்கும். அவர் கற்பிட்டிக்குப் போய், வள்ளம் பிடித்து உச்சமுனைக்குப் போனார். பதினேழு வருஷமாகக் கந்தோர்க் கடிதங்களை அந்தத் தீவுக்குக் கொண்டுபோனவர் அவர். அங்குள்ள மீனவர் சங்கத்துச் செயலாளர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, வலை பின்னிக்கொண்டிருந்த கையோடு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

'எங்களுக்குக் கந்தோர் என்றால் அது ரஸாக் நானாதான். விண்ணப்பம் கொடுத்ததும் அவர் கையில். மீன்பிடி லைசன் வந்ததும் அவர் கையால். பணிப்பாளர் என்றும் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறோம்.'

கீழே நாற்பது பேர் ஒப்பம் வைத்திருந்தார்கள். ரஸாக் அதைச் சட்டைக்குள் வைத்து, உப்புத்தண்ணி படாமல் கொண்டுவந்தார். இனித் தான் ஒரு வேலையும் செய்யவில்லையென்று யாரும் சொல்ல ஏலாது என்று நினைத்தார்.

பாறூக் சேர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். இரண்டாம் தரம் அவருடைய முகம் மாறியது.

"ரஸாக், இது பாரதூரமான விஷயம். நாற்பது பேர் எழுத்தில தந்திருக்காங்க, நீங்கதான் கந்தோராம். சபையாக ஆள்மாறாட்டம் செய்திருக்கிறீங்க."

"சேர், நான் கடிதம் குடுத்தன். அவ்வளவுதான்."

"ஆர் எண்டு சொல்லிக் குடுத்தீங்க?"

"கந்தோரால எண்டு."

"பாத்தீங்களா," என்று பாறூக் சேர் இன்னாசிப்பிள்ளையிடம் திரும்பினார். "ஒத்துக்கொள்ளுறார்."

விளக்கம் கோரும் கடிதம் அன்றே தட்டச்சாகியது. அதில் பெறுநர் பதவி என்ற இடம் வந்ததும் இன்னாசிப்பிள்ளை தட்டச்சை நிறுத்தினார். பதவி இல்லாதவரிடம் விளக்கம் கோர விதியில் இடமில்லை. ரஸாக்கின் நல்ல காலம், விசாரணை அதோடு முடிந்தது. கெட்ட காலமும் அதே காரணத்தால் தொடர்ந்தது.

இருபத்தெட்டாம் திகதி குழு தன் முடிவை அறிவித்தது. எல்லாரையும் கூப்பிட்டு பாறூக் சேர் பேசினார்.

"எடுபிடி என்பது ஒரு பதவி அல்ல. அது ஒரு சொல். அதுவும் மனித கண்ணியத்தைக் குறைக்கிற ஒரு சொல். இன்று முதல் இந்தக் காரியாலயத்தின் பெயரால் எவரும் அச்சொல்லைச் சொல்லவோ எழுதவோ கூடாது. நமது காரியாலயத்தில் எவரும் எவருக்கும் எடுபிடி இல்லை. இங்கே எல்லாரும் சமம்." அவர் தொண்டை வறண்டது. "ரஸாக், தண்ணி கொஞ்சம்."

ரஸாக் தண்ணி கொண்டுவந்தார். தடை அறிவித்தலைச் சுவரில் ஒட்டுவதற்குப் பசையும் அவரே காய்ச்சினார். கொஞ்சமும் கோணாமல் ஒட்டினார்.

பிறகு இன்னாசிப்பிள்ளை ஒரு உறையைக் கொடுத்தார். "பூச்சிய அறிக்கை. எங்கட கந்தோரில நியமனம் இல்லாம வேலை செய்யிற ஆள் ஒருத்தரும் இல்லையெண்டு. பின்னேரம் மூண்டு மணிக்கு முன்னம் புத்தளத்தில குடுக்கவேணும்."

"ஆர் கொண்டு போறது ஐயா?"

இன்னாசிப்பிள்ளைக்குக் கேள்வி விளங்கவில்லை. "வேற ஆர்," என்றார்.

புத்தளத்துக்குப் போகிற பஸ்ஸில் ரஸாக் உறையை மடியில் வைத்துக்கொண்டு யன்னலோரம் இருந்தார். தான் இல்லை என்கிற காகிதத்தை, தானே டிக்கெட் எடுத்துக் கொண்டுபோகிறார். அதைக் கொண்டுபோகாவிட்டால் என்ன என்று ஒரு தரம் நினைத்தார். ஆனால் பதினேழு வருஷத்தில் அவர் ஒரு கடிதத்தையும் கொடுக்காமல் விட்டதில்லை.

தலைமைக் காரியாலய வாசலில் காவலாளி பெரிய புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினார். பெயர், பதவி, வந்த நோக்கம். இத்தனை காலமும் ரஸாக் இரண்டாவதில் எழுதியது ஒரே சொல்தான். இன்று பேனை அந்த இடத்தில் நின்றது.

"என்ன நானா, எழுதுங்களன்."

"பதவி இல்ல தம்பி."

"எப்பவும் எழுதுறதத்தான் எழுதுங்க."

"அது எழுதக்கூடாது. நானே நோட்டீஸ் ஒட்டிப்போட்டு வாறன்."

"அப்ப வேற ஏதாவது எழுதுங்க."

"வேற ஏதாவது எழுதினா ஆள்மாறாட்டம்."

காவலாளி தலையைச் சொறிந்தார். "பதவி எழுதாத ஆள உள்ள விட எனக்கு ஓடர் இல்ல நானா."

"கந்தோர்ப் பேரால இத நீங்களே உள்ள குடுக்க ஏலாதா?"

"கடிதம் வாங்குறது என்ட வேலை இல்ல. நான் காவல்."

"எனக்கு விளங்குது," என்றார் ரஸாக். அவருக்கு உண்மையாகவே விளங்கியது. அவர் திரும்பிப் பஸ் ஏறினார். உறையைக் கொண்டுவந்து இன்னாசிப்பிள்ளையின் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னார். அப்போது மணி நாலு. மறுநாள் காலையிலாவது பாயிஸைப் புத்தளத்துக்கு அனுப்பலாமா என்று பார்த்தார்கள். பாயிஸுக்கு எந்த பஸ் என்று தெரியவில்லை.

சுற்றுநிருபத்தில் ஒன்பதாம் பந்தி ஒன்று இருந்தது. அறிக்கை வராத கந்தோர்களுக்குத் தலைமைக் காரியாலயத்திலிருந்து நேரில் வந்து ஆட்களை எண்ணுவார்கள். முப்பத்தோராம் திகதி காலை தலைமைக் காரியாலய உத்தியோகத்தர் சித்தி லெய்லா மெடம் வேனில் வந்து இறங்கினார். கையில் அட்டையில் செருகிய படிவம்.

பாறூக் சேர் ரஸாக்கைக் குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "ரஸாக், மெடத்துக்குக் கற்பிட்டிக் கருவாடு எண்டா விருப்பமாம். இப்பவே போய் நல்லதா ரெண்டு பார்சல் எடுத்திட்டு வாங்க. பின்னேரம் வந்தாலும் காரியமில்ல."

பின்னேரம் வந்தால் எண்ணி முடிந்திருக்கும். ரஸாக் அவரைப் பார்த்தார்.

"அது உதவி சேர்," என்றார். "வேறொரு நாளைக்குச் செய்யிறன்."

போய், ஆட்களை எண்ணப்போகிற மண்டபத்தில் முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்தார். அந்தக் கதிரையை அன்று காலை போட்டவரும் அவர்தான். அதில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை.

மெடம் வந்து உட்கார்ந்தார். வெயிலில் வந்த களைப்பு. "எனக்கு முதல்ல ஒரு பிளேன்டி சொல்லுங்களன்," என்றார்.

ரஸாக்கின் முழங்கால் இரண்டும் தானாக எழும்பப் பார்த்தன. அவர் இரண்டு கையாலும் அவற்றை அமத்திப் பிடித்தார். பாறூக் சேர் இன்னாசிப்பிள்ளையைப் பார்த்தார். இன்னாசிப்பிள்ளை பாயிஸைப் பார்த்தார். பாயிஸ் ரஸாக்கைப் பார்த்தார். பவுலினா மிஸ் சுவரில் இருந்த அறிவித்தலை வாசித்தார். கால் மணித்தியாலம் போனது. தேயிலை எந்த டப்பாவில் என்று ரஸாக்கைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது.

"இந்தக் கந்தோர்ல தேத்தண்ணி ஆர் போடுறது?"

பாயிஸ் குனிந்து செருப்பைச் சரிசெய்தார்.

"கடிதம் கொண்டு போறது?"

இன்னாசிப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இண்டைக்குக் காலையில கதவத் திறந்ததாவது ஆர்?"

"நான் மெடம்," என்றார் ரஸாக்.

மெடம் படிவத்தைப் புரட்டினார். "உங்கட பதவி?"

ரஸாக் பாறூக் சேரைப் பார்த்தார். சேர் வாயைத் திறந்தார். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல்தான். அதைத் தடை செய்து மூன்று நாள் ஆகிறது. வாயை மூடிக்கொண்டார்.

"பதவி இல்ல மெடம். பதினேழு வருஷம் இருக்கிறன்."

மெடம் கெட்டவர் இல்லை. அவர் குரல் தணிந்தது. "என்ட படிவத்தில பதவிக்கு நேரதான் ஆள எண்ணலாம் நானா. ஆளுக்கு நேர பதவி எழுத இடமில்ல." பிறகு வறண்ட உதட்டைத் துடைத்துக்கொண்டு எல்லாரையும் எண்ணினார். கடைசியாகக் குறிப்பு என்ற இடத்தில் ஏதோ எழுதி, சத்தமாக வாசித்தும் காட்டினார்.

"'இக்காரியாலயத்தில் ஓர் ஆள் குறைவு. உடன் நிரப்பப்படவேண்டும்.' புதுசா ஒருத்தர எடுக்கலாம் சேர், நான் சிபாரிசு செய்யிறன். முப்பத்தஞ்சு வயதுக்கு உட்பட்டவங்க விண்ணப்பிக்கலாம்."

பாறூக் சேருக்கு அப்போதுதான் முகம் தெளிந்தது. "நானும் கன காலமா இதத்தான் சொல்லிக்கொண்டு இருக்கிறன் மெடம்," என்றார்.

ரஸாக் வீட்டுக்கு வர மஃரிப் தொழுகை நேரம் ஆகியிருந்தது. கமறியா வாசலில் நின்றாள்.

"எண்ணினாங்களா?"

"எண்ணினாங்க."

"எத்தின பேராம்?"

"இருக்கிற ஆக்கள் எல்லாரும் சரியாம். ஒரு ஆள் மட்டும் குறையுதாம்."

கமறியாவுக்கு விளங்கவில்லை. "நீங்க அங்க இருந்தீங்க தானே?"

"இருந்தன்," என்றார் ரஸாக். "முன்வரிசையிலதான் இருந்தன்."